காணாமல் போன பச்சைத் துணி

மெர்ச்சண்டைசிங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

முதலில் வாழ்த்துகள். ஆடைத் தொழிலில் இவ்வளவு திட்டு வாங்கும் வேலை வேறு கிடையாது. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர் ‘ஏன் தாமதம்’ என்று உங்களைத்தான் கேட்பார். உள்ளூரில் தைக்கிறவர் ‘ஏன் இந்த அவசரம்’ என்று உங்களைத்தான் கேட்பார். இருவருக்கும் நடுவில் நின்று, இருவரிடமும் ‘எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது’ என்று முகம் மாறாமல் சொல்வதற்குத்தான் நமக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தை ஓய்வு பெறும்வரை நானும் வாங்கினேன். இப்போது கும்பகோணத்தில் வீட்டோடு இருக்கிறேன். போன வாரம் உங்கள் மேனேஜர் போன் செய்து, “புதுசா வந்த பசங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க மேடம், மோட்டிவேஷனா இருக்கட்டும்” என்றார். என்னிடம் மோட்டிவேஷன் இல்லை. ஒரு பச்சைத் துணி காணாமல் போன கதை இருக்கிறது. அதைத் தருகிறேன்.

உங்கள் பயிற்சி வகுப்பில் ‘உலகச் சந்தையில் நமது போட்டித்திறன்’ என்று ஒரு நாள் முழுக்க ஸ்லைடு காட்டியிருப்பார்கள். வங்கதேசம் ஒரு பக்கம், வியட்நாம் ஒரு பக்கம், நடுவில் நாம் மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு படம் இருக்கும். அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அம்புக்குறியின் நிறத்தை மட்டும் மாற்றுவார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு படம் பார்க்கிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது, அனுபவியுங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது பாபநாசத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் இருந்த யூனிட்டில். இரண்டு பக்கமும் வயல், நடுவில் தகரக் கூரை. ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராத வருஷங்களும் நடவு மிஷின் வந்த வருஷங்களும் சேர்ந்து அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வேலை இல்லாமல் செய்திருந்தன. அதைச் சென்னையில் இருந்த எங்கள் தலைமை அலுவலகம் ‘மனிதவள வாய்ப்பு’ என்று ஸ்லைடில் எழுதிக்கொண்டது. அந்த மனிதவளத்தில் ஒருத்தியாக என் அம்மாவும் கூத்தாநல்லூர்ப் பக்கம் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவள்தான். அதனால் அந்த ஸ்லைடு வரும்போதெல்லாம் நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விடுவேன்.

ஆரம்பத்தில் நாங்கள் உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களுக்கு யூனிஃபார்ம் தைத்தோம். பிறகு முதலாளிக்கு ஏற்றுமதி ஆசை வந்தது. யூனிட்டின் லைன் சூப்பர்வைசர் பிலோமினா. பக்கத்து ஊர்க்காரி. திருப்பூரில் பல வருஷம் தைத்தவள். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அங்கே ஒரே அறையில் நாலைந்து பெண்களோடு தங்கி, சம்பளம் வந்த வாரத்தில் பஸ் ஏறி வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனவள். வீட்டுக்குப் பக்கத்திலேயே யூனிட் வந்ததும் முதல் ஆளாக வந்து சேர்ந்தாள். இந்தக் கதை நடந்தபோது மகள் பத்தாம் வகுப்பு. யூனிட்டை மூடினால் அவளுக்கு மறுபடி திருப்பூர் பஸ்தான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், முதலாளிக்கு மட்டும் தெரிந்திருக்க நியாயமில்லை.

வட இங்கிலாந்தில் பள்ளிச் சீருடை விற்கும் ஒரு கம்பெனியிடமிருந்து பினோஃபார்ம் ஆர்டர் வந்தது. கையில்லாத, இடுப்பில் மடிப்பு வைத்த சின்னப் பெண்கள் கவுன். கரும்பச்சை நிறம். டாக்காவில் கேட்ட விலைக்கே நாங்களும் தருகிறோம் என்று முதலாளி தலையை ஆட்டிவிட்டார். தலையை ஆட்டியபின் எப்படித் தருவது என்று யோசிப்பதற்காக பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தார்.

ஆலோசகர் நல்ல மனிதர்தான். எதைப் பார்த்தாலும் அவருக்கு அது செலவாகத் தெரியும், அவ்வளவுதான். டீ இடைவேளையை ‘உற்பத்தியற்ற நேரம்’ என்றார். அதைச் சொல்லும்போது அவர் கையில் இருந்த டீ கணக்கில் வரவில்லை. துணியை ஒரு முழம்கூட அதிகம் வாங்கக் கூடாது என்றார். வெட்டுவதற்கான பேட்டர்ன் அட்டைகளைச் சென்னையிலிருந்து தயார் செய்து அனுப்புவது வழக்கம். அது வீண் செலவு, அளவுகளை மட்டும் மெயிலில் அனுப்பினால் யூனிட்டிலேயே அட்டை வெட்டிக்கொள்வார்கள் என்றார். முதலாளி மகிழ்ந்துபோனார். மிச்சம் பிடித்த தொகையில் பாதி ஆலோசகரின் ஃபீஸுக்குப் போயிருக்கும் என்பது என் யூகம்.

தையல் நன்றாகவே போனது. செக்கிங்கில் அளந்தார்கள், எல்லா அளவும் சரி. பிலோமினாவின் லைனில் ரிஜெக்ட் ஆகும் பீஸே இல்லை. பிறகு ஒரு நாள், ஆர்டரில் நல்லதொரு பங்கு பாக்கி இருக்கும்போதே துணி தீர்ந்துவிட்டது.

துணி எப்படித் தீரும்? ஆலோசகர் கணக்குப்படி தீரவே கூடாது. கணக்கு தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அதைப் போட்டவர் அவர். ஆகவே துணி திருடு போயிருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். எவ்வளவு சுலபம் பாருங்கள். நான் அன்று ஈரோட்டில், அதே நிறத்தில் கொஞ்சம் துணி கிடைக்குமா என்று மில்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இங்கே ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வெளியே வரும்போது கேட்டில் ஒரு மேஜை போட்டு, ஒவ்வொருத்தி பையையும் கவிழ்த்துக் கொட்டச் சொல்லியிருக்கிறார். பவுடர் டப்பா, ஜெபமாலை, தலைவலி மாத்திரை, பிள்ளைக்கு வாங்கின வடை எல்லாம் மேஜை மேல் விழுந்திருக்கிறது.

பிலோமினாவின் சாப்பாட்டு டப்பா ஒரு கரும்பச்சைத் துண்டில் சுற்றியிருந்தது. வெட்டும்போது விழுகிற கழிவுத் துண்டு. யூனிட்டில் மிஷின் துடைக்கவும் டப்பா சுற்றவும் எல்லோரும் எடுப்பதுதான். ஆலோசகர் அதைப் போட்டோ எடுத்தார். டப்பாவைத் திறக்கச் சொன்னார். மத்தியானம் மிஷின் ரிப்பேர் என்று அவள் சாப்பிடவில்லை, உள்ளே சோறு அப்படியே இருந்தது. அதற்குள்ளும் ஏதோ இருக்கலாம் என்று விரலை விட்டுப் பார்த்திருக்கிறார்.

பிலோமினா டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். மறுநாள் அவளும் வரவில்லை, அவள் லைனில் ஒருத்தியும் வரவில்லை. ‘தொழிலாளர் ஒழுங்கின்மை’ என்று ஆலோசகர் முதலாளிக்கு மெயில் போட்டார்.

நான் ஈரோட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து பார்த்தால் யூனிட்டில் மிஷின் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, ஆட்கள் இல்லை. பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகள் மட்டும். ஒரு பெட்டியை எடுத்து வைக்கப் போனேன், கனமாக இருந்தது. இரண்டாவதைத் தூக்கினேன், அதுவும் கனம். குழந்தைகள் கவுன் இவ்வளவு கனக்கக் கூடாதே என்று ஒன்றைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டேன்.

திருடு போன துணி முழுக்க அங்கே இருந்தது. பாவாடையின் கீழ் மடிப்பு கை அகலத்துக்குமேல் உள்ளே மடிந்து கிடந்தது. இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே துணி விட்டு, ஒன்றுக்கு மூன்று தையல் ஓட்டியிருந்தது. ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டே போனால் அந்தக் கவுனை ஒரு பெண் ஒன்றாம் வகுப்பில் போட ஆரம்பித்து நாலாம் வகுப்புவரை போடலாம்.

துணி வெட்டும் அறையில் இருந்த கட்டிங் மாஸ்டர் ஜமால் பாயைக் கூப்பிட்டேன். கூத்தாநல்லூர்க்காரர், மலேசியாவில் தையல் கடை வைத்திருந்தவர்.

“என்ன பாய் இது?”

“எதும்மா?”

“இவ்வளவு துணி உள்ள விட்டிருக்கீங்களே!”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “புள்ளைங்க உடுப்பும்மா. வளருமுல்ல?”

“இது இங்கிலாந்துக்குப் போறது பாய்.”

“அங்க புள்ளைங்க வளராதா?”

இந்த இடத்தில் நீங்கள் ஜமால் பாயைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம். அவர் செய்தது தப்பு. உள்ளே எவ்வளவு துணி விட வேண்டும் என்று மெயிலில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவர் முதல் பக்கத்தில் உயரம், மார்பளவு பார்த்துவிட்டு மூடிவிட்டார். அதில் ஞானமும் கிடையாது, தொலைநோக்கும் கிடையாது. நம் பக்கத்தில் ஒரு அம்மா யூனிஃபார்ம் வாங்க வந்தால் முதலில் பாவாடையைத் திருப்பி மடிப்பைத்தான் பார்ப்பாள், விலையை அப்புறம்தான் கேட்பாள். வாழ்நாள் முழுவதும் அந்த அம்மாக்களுக்குப் பயந்து வெட்டிய கை, இங்கிலாந்துக்கும் அதே பயத்தில் வெட்டிவிட்டது. வெளியிலிருந்து அளந்த எங்கள் செக்கிங்குக்கும் அது தெரியவில்லை. அட்டை அனுப்பும் செலவை மிச்சம் பிடித்த ஆலோசகருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

முதலாளிக்குப் போன் செய்தேன். “அப்படியா? அப்ப திருட்டு இல்லையா? நல்லதாப் போச்சு. அந்த லேடீஸை வரச் சொல்லுங்க” என்றார். ஏதோ ஃப்யூஸ் போயிருந்தது, இப்போது மாட்டியாகிவிட்டது என்கிற மாதிரி. வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். யாரும் வரவில்லை. சென்னையிலிருந்து எச்.ஆர். தம்பி ஒருவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்து வீடுவீடாகப் போனார். எல்லோரும் மரியாதையாக ஸ்வீட்டை வாங்கிக்கொண்டார்கள், அவருக்கு மோர் கொடுத்தார்கள், வேலைக்கு வரவில்லை.

இதற்குள் ஹெலன் வந்து இறங்கிவிட்டாள். அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் ஆள். சரக்கு கப்பலேறுமுன் பார்த்து ஓகே சொல்ல வேண்டியவள். ஐம்பதைத் தாண்டிய வயது, சிரிக்காத முகம். அவள் வருவதற்கு முன் ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டத்தைச் சொன்னார். “வெளி அளவு எல்லாம் கரெக்ட். அவங்க உள்ள திருப்பிப் பாக்க மாட்டாங்க. எண்ணிக்கை குறைஞ்சதுக்கு மில்லுல சாயம் லேட்டுன்னு சொல்லிடலாம். நீங்க வாயத் திறக்காம இருந்தா போதும்.”

நம் வேலையில் இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும், கண்டிப்பாக வரும். அப்போது மனசாட்சி, நேர்மை என்றெல்லாம் பெரிய வார்த்தைகளைத் தேடாதீர்கள், கிடைக்காது. நான் யோசித்தது இவ்வளவுதான்: அந்தக் கவுனை எந்த ஊரில் எந்தக் குழந்தை போட்டாலும் முதல் துவைப்பிலேயே அவள் அம்மா உள்ளே பார்ப்பாள். அப்போது ஹெலனுக்குத் தெரியும். தெரிந்தால், அவள் முதலில் நினைப்பது என் முகத்தைத்தான். அதைவிட இப்போதே தெரியட்டும் என்று தோன்றியது. பயம் இருந்தது, நன்றாகவே இருந்தது. ஹெலன் பெட்டியைத் திறந்ததும் மேலே இருந்த கவுனை எடுத்து நானே திருப்பிப் போட்டுக் காட்டினேன். ஆலோசகர் போனில் முக்கியமான எதையோ படிக்க ஆரம்பித்தார்.

ஹெலன் மடிப்பை விரலால் பிடித்துப் பார்த்தாள். தையலை எண்ணினாள்.

“யார் இப்படித் தைக்கச் சொன்னது?” என்றாள்.

“யாரும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை” என்றேன்.

துணி தீர்ந்தது, திருட்டு என்று சந்தேகப்பட்டது, பெண்கள் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். அங்கேதான் பேசினாள்.

“என் அப்பா வேலை பார்த்த மில் இப்போது அடுக்குமாடி வீடு. அதை மூடும்போது எங்கள் ஊரே சேர்ந்து யாரைத் திட்டியது தெரியுமா? உங்களை.”

“எங்களையா?”

“உங்களையும் ஹாங்காங்கையும். அவர்கள் சட்டை மலிவாக வருகிறது, வரி போடு என்று ஊர்வலம் போனோம். இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் போட்டார்கள். அந்தத் தைரியத்தில் முதலாளிகள் பழைய மிஷினையே ஓட்டினார்கள், கூலியைக் குறைத்தார்கள். கெட்டிக்கார ஆட்கள் முதலில் வெளியே போனார்கள். பிறகு உண்மையாகவே நல்ல வேலை ஒன்று வந்தது. செய்வதற்கு ஆளில்லை.”

“ஒரு மில்கூட மிஞ்சவில்லையா?”

“ஒன்றிரண்டு மிஞ்சின. தீயணைப்புக்காரர் உடைக்குத் துணி, ஆஸ்பத்திரிக்குத் துணி, மற்றவர்கள் சீண்டாத சின்னச் சின்ன ஆர்டர். விலையில் அவை யாரோடும் மோதவில்லை. பழகின ஆட்களை விடவில்லை.”

ஒரு காலத்தில் நம் தறிகளை இங்கிலாந்துக்காரர்கள் மூடினார்கள், அவர்கள் மில்லை நாம் மூடினோம், இப்போது நம் யூனிட்டை டாக்கா மூடும் என்று நாம் நடுங்குகிறோம். டாக்காவில் ஒரு மெர்ச்சண்டைசர் இதே நேரத்தில் வேறொரு நாட்டின் பெயரைச் சொல்லி நடுங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் அம்புக்குறி போட்ட ஸ்லைடு காட்டியிருப்பார்கள். கூலி எங்கே குறைவோ அங்கே ஓடுகிற ஆர்டரைத் துரத்திப் பிடித்துவிட்டோம் என்று பட்டாசு வெடிக்காதீர்கள். அது மூச்சு வாங்க நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

வெளி அளவு சரிதான் என்று ஹெலன், இருந்த சரக்கை மட்டும் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனாள். சில வாரம் கழித்துப் போன் வந்தது. கடையில் ஒரு அம்மா பாவாடையைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பார்த்தவள் இரண்டாக வாங்கியிருக்கிறாள். அடுத்தவளும் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பாபநாசத்து அம்மாக்களுக்கு இங்கிலாந்தில் இவ்வளவு சொந்தக்காரர்கள் இருப்பது யாருக்குத் தெரியும்! ‘வளர வளரப் பிரித்துவிடலாம்’ என்று ஒரு சீட்டு கட்டி விற்கப் போவதாக ஹெலன் சொன்னாள். பல பள்ளிகளுக்கு, பல நிறத்தில், சின்னச் சின்னதாகப் புது ஆர்டர். டாக்கா விலையைவிட நல்ல விலை.

“ஆனால் ஒன்று. டாக்காவில் இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள். அதற்குள் அடுத்தது என்ன என்று யோசித்து வையுங்கள். எங்கள் ஊரில் கைக்கு வந்த ஒரு நல்ல சரக்கின் மேல் ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டோம்” என்றாள். பிறகு, “இன்னொன்று. முதலில் தைத்தவர்களே தைக்க வேண்டும். மூன்று தையலும் அவ்வளவு நேராக ஓடியிருந்தது” என்றாள்.

இதைக் கேட்டதும் முதலாளி ஆலோசகருக்குக் கை கொடுத்தார். ஆலோசகர் ‘வளர்ச்சி மடிப்பு உத்தி’ என்று ஒரு ஸ்லைடு தயாரித்துவிட்டார். இன்றைக்கும் கோயம்புத்தூரில் அதைப் பற்றி உரை நிகழ்த்துகிறார் என்று கேள்வி. உத்தி தயார், ஆர்டர் தயார். தைக்க ஆள்தான் இல்லை.

பிலோமினாவைத் தேடிப் போனேன். சம்பா பயிரில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, கையில் இருந்த களையை வரப்பில் போட்டுவிட்டு வந்தாள்.

“வாங்க மேடம். செருப்போட நிக்காதீங்க, வழுக்கும்.”

ஆர்டர் வந்திருப்பதைச் சொன்னேன். ஹெலன் கேட்டது அவள் கையைத்தான் என்றும் சொன்னேன்.

“சந்தோசம் மேடம். ஆனா நான் ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் திருப்பூர் கெளம்புறேன். பழைய கம்பெனில வரச் சொல்லிட்டாங்க.”

“பொண்ணு பத்தாவது ஆச்சே பிலோமினா.”

அவள் கையில் ஒட்டியிருந்த சேற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “அவளும் அதான் கேக்குறா. ஏம்மா, வேலதான் திரும்பத் தர்றாங்களே, போயேன்னு. நான் என்னத்தச் சொல்றது? அந்த ஆளு என் சோத்துக்குள்ள வெரல விட்டுத் துழாவுனாரு மேடம். அந்தச் சோத்த அப்புறம் நான் திங்கல, மாட்டுக்கு வச்சேன். திருடின்னு சொல்றதுக்கு கேட்டு வாசல்ல மேச போடத் தெரிஞ்சுது. திருடி இல்லன்னு சொல்றதுக்கு மட்டும் ஸ்வீட் பாக்ஸா?”

“என்ன செஞ்சா வருவீங்க?”

“மொதலாளி வரட்டும். அதே கேட்டுல நின்னு சொல்லட்டும்.”

மகளை விட்டுவிட்டுப் போவது அவளுக்கு எப்படியிருக்கும் என்று தெரியும். அந்தப் பிள்ளையை நினைத்து அவள் ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குத் திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் வரவில்லை. எனக்கு அவள்மேல் இருந்த மரியாதை அன்று பல மடங்கு கூடியது, எங்கள் கம்பெனிமேல் வெட்கமாக இருந்தது.

வரப்பிலிருந்தே சென்னைக்குப் போன் போட்டேன். முதலாளி பதறிவிட்டார்.

“நான் போய் கேட்ல நிக்கணுமா? இன்னைக்கு ஒருத்திக்குப் போய் நின்னா நாளைக்கு எல்லாருக்கும் நிக்கணும் மேடம். ஒரு லெட்டர் அனுப்பறேனே.”

“சார், ஆர்டர் கேட்டு ஹாங்காங்ல அந்த பையர் ஆபீஸ் வாசல்ல பாதி நாள் நின்னோமே, ஞாபகம் இருக்கா? உள்ள கூப்பிடவே இல்ல. நீங்க சிரிச்சுக்கிட்டே நின்னீங்க.”

“அது பிசினஸ்.”

“இதுவும் அதான் சார். ஞாயித்துக்கெழமைக்கு மேல இந்த ஆர்டருக்கு ஆள் கெடையாது. நீங்க வரலைன்னா நானே ஹெலனுக்கு எழுதி ஆர்டரத் திருப்பிக் குடுத்துடறேன். ரேட்டு, மிஷின், மடிப்பு எல்லாம் டாக்காகிட்ட வந்துடும் சார். பிலோமினா வரமாட்டாங்க.”

சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். “சனிக்கிழமை வரேன்” என்றார்.

சனிக்கிழமை காலையில் பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. பிலோமினா கோயிலுக்குப் போகிற புடவை கட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். முதலாளியின் பெரிய கார் வந்து நின்றது. அவர் இறங்கினார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வாங்க சார். நல்லா இருக்கீங்களா?” என்றாள் பிலோமினா.

“இருக்கேம்மா.” சட்டைப் பட்டனைத் தொட்டுக்கொண்டார். “அன்னைக்கு நடந்தது தப்பு. நீங்க யாரும் எதையும் எடுக்கல. சந்தேகப்பட்டதே தப்பு.”

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வயலில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகளைப் பார்த்தேன். இந்த முறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சொல்லி முடித்ததும் கேட்டை நோக்கி ஓர் அடி வைத்தார்.

பிலோமினா நகரவில்லை. “டிக்கியத் தொறங்க சார்” என்றாள்.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முதலாளியின் காது சிவந்துவிட்டது. கோபம் வந்து ஏறிக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். யூனிட், ஆர்டர், அவள் மகளின் பத்தாம் வகுப்பு எல்லாம் அந்த டிக்கி மூடியில் நின்றது. அவர் கையை நீட்டி சாவியை வாங்கி, தானே திறந்தார்.

உள்ளே ஒரு ஸ்டெப்னி டயர், ஹேங்கரில் மாட்டிய கோட், கும்பகோணத்தில் நிறுத்தி வாங்கிய காப்பிப்பொடி, ஒரு பை. பிலோமினா கோட்டின் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள். பையைத் திறந்தாள். அதற்குள் வீட்டில் கொடுத்தனுப்பிய டிபன் கேரியர் இருந்தது. அதன் மூடிமேல் விரலை வைத்தாள். முதலாளி அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் அதைத் திறக்கவில்லை. பையை முன்பு இருந்த மாதிரியே மூடி, கோட்டில் விழுந்த மடிப்பை நீவி, டிக்கியைச் சாத்தினாள்.

“ஒண்ணும் இல்ல சார்” என்று சொல்லி கேட்டைத் திறந்து பிடித்தாள். “உள்ள வாங்க.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருத்தராகப் பையை மாட்டிக்கொண்டு போனார்கள்.